வட கொரியா ராக்கெட்டும் என் மாமியார் தட்டும்

வட கொரியாக்காரன் ராக்கெட் விட்டால் செஞ்சியில் எங்கள் வீட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு கவிழும். என் மாமியார் மருதேவியின் தட்டு. சமையலறை மேடையில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

அந்தக் கார்த்திகை மாதத்து வியாழக்கிழமையும் அப்படித்தான். காலை ஆறரை மணி. டி.வி.யில் ஒரு சிவப்பு அம்பு கடலைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. அம்பின் முனையில் நெருப்பு, பின்னணியில் காது கிழிகிற மேளம். 'வட கொரியா மீண்டும் ஏவுகணைச் சோதனை! உச்சக்கட்டப் பதற்றத்தில் தென் கொரியா!' என்று வாசித்த பெண்ணின் முகத்தில் பதற்றம் ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டுக் களைதான் இருந்தது. உப்புமா கிளறிக்கொண்டிருந்த நான் கரண்டியோடு ஓடி வந்து ரிமோட்டைத் தேடினேன். அதற்குள் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தட்டு கவிழும் சத்தம் கேட்டது.

"அத்த, அது கடல்ல விழுந்துடுச்சாம். கேளுங்க, கடல்ல விழுந்துடுச்சின்னுதான் சொல்றாங்க."

"விழட்டும். அவன் போன் பண்ணட்டும், சாப்புடறேன்."

"நேத்து சாயந்திரம் அஞ்சு மணிக்கு சாப்ட்டது. இன்சுலின் வேற போட்டிருக்குது. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நீ கடைக்குக் கிளம்பு நீலா, நேரமாவுது."

அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடம் பேசுவதும் எங்கள் தெருவுக்கு மேற்கே நிற்கிற ராஜகிரி மலையிடம் பேசுவதும் ஒன்று.

'அவன்' என்பது என் கணவர் ஜினதாஸ். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்தவரை, இரண்டு வருஷத்துக்குத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தால் சூப்பர்வைசர். தென் கொரியா என்றதும் நாங்களும் பெருமையாகத்தான் ஏர்போர்ட்டில் கையசைத்தோம். போன பிறகுதான் தெரிந்தது, தொழிற்சாலை இருக்கிற பாஜு என்ற ஊருக்கும் வட கொரியா வேலிக்கும் நடுவில் ஏறக்குறைய செஞ்சிக்கும் ஆலம்பூண்டிக்கும் உள்ள தூரம்தான் என்று. வேலிக்கு அந்தப் பக்கம் மலையைக் குடைந்து பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தலைநகரமான சியோலே அதன் வீச்சுக்குள் இருக்கிறது என்றால், பாஜு எந்த மூலைக்கு?

எனக்கு அரசியல் தெரியாது. டி.பார்ம் படித்துவிட்டு பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறவள். ஆனாலும் கேட்கிறேன், இது என்ன அநியாயம்? யாரோடும் ஒட்டில்லை, உறவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நாடு. ஜனங்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. ஒரு பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று படித்தேன். பட்டாளத்துப் பையன்களே சத்துக் குறைந்து குள்ளமாக இருக்கிறார்களாம். அந்த நாட்டில் கஞ்சிக்கு அரிசி இல்லை, ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிற ராக்கெட் இருக்கிறது! எங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டி ஆண்டவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்குக்கூட ஒரு புத்தி இருந்தது. கோட்டைக்குள் போனால் களஞ்சியம் இருக்கிறது, கல்யாண மண்டபம் மாதிரி, ஒரு வம்சமே உள்ளே குடியிருக்கலாம். முதலில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டுத்தான் பீரங்கியைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். இவர்கள் களஞ்சியத்தை விற்றுப் பீரங்கி வாங்குகிற ஜாதி. இதைச் சொன்னால் கடை முதலாளி ராஜாங்கம் சிரிப்பார். "உனுக்கு ஏம்மா டென்ஷன், நீ பாராசிட்டமால எண்ணு" என்பார்.

டென்ஷன் எனக்கு இல்லாமல் யாருக்கு?

போன வைகாசியில் ஒரு பலூன் வந்தது. குப்பையைக் கட்டி பலூனில் தொங்கவிட்டு, காற்று பார்த்து எல்லை தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். அது தொழிற்சாலையின் பார்க்கிங்கில் வந்து விழுந்து வெடித்திருக்கிறது. ஜினதாஸ் தூரத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினார். பேப்பர் கிழிசல், சிகரெட் துண்டு, எருமண், கந்தல். கந்தலுக்கு நடுவில் ஒரு குழந்தையின் காலுறை. பெரிது பண்ணிப் பார்த்தேன். ஒட்டுப் போட்டதன் மேலேயே இன்னொரு ஒட்டு, அதன் மேல் வேறு நூலில் தையல். எதிரியைக் கேவலப்படுத்த அனுப்புகிற குப்பையில்கூட அவர்களுடைய தரித்திரம்தான் வந்து விழுகிறது. அது அவர்களுக்கே உறைக்கவில்லையா? எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. என் மாமியார் அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கால் சில்லுன்னு இருக்காது?" என்றார்.

"அத்த, அவங்க நம்ம ஆளு மேல குப்பைய கொட்டறாங்க. நீங்க புள்ளைக்குக் கால் சில்லுன்னு இருக்குமான்னு கேக்குறீங்க."

"குப்பைய கொட்டறவன் ஒருத்தன். காலுறை போட்ட புள்ள வேற தானே."

ஆடியில் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் பாட்டும் செய்தியும் போட, அந்தப் பக்கத்திலிருந்து இரும்பை இழுப்பது மாதிரி, நரி ஊளையிடுவது மாதிரி விடிய விடியச் சத்தம். விடுதியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவதாக ஜினதாஸ் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கே எல்லாருக்கும் இது பழகிவிட்டதாம். போனில் எச்சரிக்கை மணி அடித்தால் விரலால் தள்ளிவிட்டுக் காபி குடிக்கிறார்களாம். பழகிவிட்டது என்று சொல்கிறவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான். நெற்றிக்கு நேரே பீரங்கியை நீட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், அது என்ன பழகுகிற விஷயமா?

என் மாமியாருக்கு மட்டும் பழகவில்லை. நாங்கள் சமணர்கள், இந்த மண்ணில் பல நூறு வருஷமாக இருக்கிற நயினார் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் கடையிலிருந்து எட்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறவள். அவர் அறுபத்திரண்டு வயதில் ஒரு நாள்கூட அதை மீறியதில்லை. பலூன் விழுந்த மறு வாரம் ஒரு ராக்கெட் செய்தி வந்தது. அன்றைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், அருகன் முன்னால் கை கூப்பி ஒரு நோன்பு எடுத்துக்கொண்டு வந்தார். ராக்கெட் விட்டதாக என்றைக்குக் காதில் விழுகிறதோ, அன்றைக்கு மகன் குரலைக் கேட்காமல் சாப்பிடுவதில்லை.

ஆனி மாதத்தில் எடுத்த நோன்பு. தப்பு அங்கேதான் நடந்தது. அதைச் சொல்கிறேன். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை அங்கி, சாப்பாடும் உள்ளேயே. காலையில் லாக்கரில் வைத்துப் பூட்டுகிற போனை ஜினதாஸ் திரும்ப எடுப்பது அங்கே இரவு ஒன்பது மணிக்கு. அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், ஆகவே இங்கே மாலை ஐந்தரை. ஆனியில் சூரியன் வடக்கே ஒதுங்கி ராஜகிரிக்கும் அடுத்த மலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இறங்கும், ஆறரை வரைக்கும் வெளிச்சம். ஐந்தரைக்கு அவர் பேசுவார், "சாப்டியாம்மா?" என்பார், மாமியார் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பார். நானும் விட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது தெற்கே நகரும், நேராக ராஜகிரிக்குப் பின்னால் போய் ஐந்தேகாலுக்கே எங்கள் தெருவில் மறைந்துவிடும் என்று நோன்பு எடுத்த அன்றைக்கு மாமியாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஐந்தேகாலுக்குச் சூரியன் போய்விடும். ஐந்தரைக்கு மகன் குரல் வரும். குரல் வந்த பிறகு சாப்பிட முடியாது. கால் மணி நேர வித்தியாசத்தில் ஒரு மனுஷி மறுநாள் விடிகிற வரைக்கும் பட்டினி.

ஐப்பசியில் அப்படி இரண்டு முறை நடந்தது. முதல் முறை தாங்கினார். இரண்டாவது முறை, விடியற்காலை குளியலறையில் விழுந்துவிட்டார். சர்க்கரை நாற்பதுக்குக் கீழே. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய், கையில் குளுக்கோஸ் ஏற்றினோம், கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது சாப்பாட்டுல சேருமா?" டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முப்பத்தாறு மணி நேரம் வயிறு காலி, உடம்புல இன்சுலின். இன்னொரு தடவை இப்படி ஆனா நான் பொறுப்பில்லைம்மா. மருந்துக் கடையில இருக்கறவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்கப்புறம் நான் செய்யாதது இல்லை. எங்கள் சமண மடத்துக்குப் போய்க் கேட்டேன். பிராயச்சித்தம் செய்து நோன்பை விட்டுவிடலாம், தப்பில்லை, ஆனால் அவராக வந்து சொல்ல வேண்டும் என்றார் சுவாமிகள். அவராக வருவதாக இல்லை. ஜினதாஸிடம் சொல்லி மதியம் ஒரு நிமிஷம் போன் செய்ய அனுமதி கேட்கச் சொன்னேன். மேலதிகாரி, "எந்த ராக்கெட்?" என்று கேட்டுச் சிரித்தாராம். கேபிள் வயரை முதல் பட்டினிக்கு அப்புறமே பிடுங்கி வைத்துப் பார்த்திருந்தேன். இரண்டாவது ராக்கெட் அன்றைக்கு எதிர்வீட்டுச் செல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, உன் புள்ள இருக்கற ஊர்ல குண்டு போட்டுட்டானாமே! டி.வி.ல காட்றான், நீ பாக்கல?"

செல்லம்மாளுக்கு எங்கள் மேல் பகை ஒன்றும் கிடையாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். தெருவே அப்படித்தான் என்று வயரைத் திரும்பச் செருகிவிட்டேன். ராக்கெட் விட்ட அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கிற மாதிரி வருவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். பட்டினி கிடக்கிறவர் காபி போட்டுக் கொடுப்பார்.

ஒரு நாள் நான் கத்தியே விட்டேன். "நீங்க பட்டினி கெடந்தா அவன் ராக்கெட் விடறத நிறுத்திடுவானா?"

"மாட்டான்."

"அப்புறம் எதுக்கு?"

"எம்மா, நான் இங்க உக்காந்துகினு வேற இன்னா பண்றது? போய் குறுக்கால நிக்க முடியுமா? என் கையில இருக்குறது இது ஒண்ணுதான்." பிறகு வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். "திருநாதர்குன்றுல ஐம்பத்தேழு நாள் நோன்பு இருந்து உயிர விட்டாரே அந்தக் காலத்து முனிவரு, கல்லுல வெட்டி வெச்சிருக்குதே. நான் ஒரு நாள்தான இருக்கறேன்."

"அவரு முத்திக்காக இருந்தாரு அத்த. நீங்க எவனோ விடற ராக்கெட்டுக்காக இருக்குறீங்க!"

எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த வியாழக்கிழமை விடிந்தது. கடைக்குப் போனேனே தவிர, ஒரு வேலையும் ஓடவில்லை. நாலு மணிக்குச் செல்லம்மாளுக்கு போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னேன். "படுத்துகினு இருக்காங்க. கூப்ட்டா ம்ங்கறாங்க. மூஞ்சி வேர்த்திருக்குது" என்றாள். நாலரை மணிக்குக் கடை டி.வி.யின் அடியில் ஒரு வரி ஓடியது. எல்லை ஓரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டதாக, பயிற்சியா தாக்குதலா என்று தெரியவில்லை என்று. அதைப் பார்த்துக்கொண்டே ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பிரஷர் மாத்திரையை வேறொருவர் கவரில் போட்டுவிட்டேன். ராஜாங்கம் பார்த்துவிட்டு மாத்திரையை வாங்கி வைத்தார்.

"ஊட்டுக்குப் போம்மா நீ. பொழுதோட போ."

"எங்க ஊட்ல பொழுது அஞ்சேகாலுக்கே போயிடுதுங்க. அதானே என் தலைவிதி."

"அது பொழுது போறது இல்லம்மா, மலையில மறையறது. எங்க ஊர்ல வந்து பாரு, அஞ்சே முக்கா வரைக்கும் ஏரியில ஜொலிக்கும்." ராஜாங்கத்தின் ஊர் கோட்டையைத் தாண்டி மேற்கே, திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது.

நான் அவரையே பார்த்தேன். அரை மணி நேரம்! ஐந்து மாதமாக வட கொரியாவையும் தென் கொரியாவையும் டி.வி.க்காரனையும் திட்டிக்கொண்டிருந்தேனே, வாசலில் நிற்கிற மலையை யோசித்தேனா? கவுண்டரைத் தாண்டி ஓடினேன்.

வீட்டில் மாமியார் பாயில் சுருண்டு கிடந்தார். சாதத்தையும் பருப்பையும் கேரியரில் போட்டு, கவிழ்ந்திருந்த தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்த, எழுந்திருங்க. மலைக்கு அந்தாண்ட போலாம். அங்க பொழுது இன்னும் இருக்கும். அவரு பேசறப்ப சூரியன் இருக்கும்."

கண்ணைத் திறந்து பார்த்தார். "சூரியன ஏமாத்தறதா?"

"ஏமாத்தல. அது இருக்குற எடத்துக்கு நாம போறோம்."

வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கண்ணுக்குத் தெரிஞ்சா சரி" என்று கையை நீட்டினார்.

ஸ்கூட்டரில் உட்கார வைத்து, விழுந்துவிடக் கூடாதே என்று என் துப்பட்டாவால் அவரை என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். செல்லம்மாள் வாசலில் நின்று வாயைப் பிளந்தாள். பஜாரைத் தாண்டி, கோட்டை மதிலைத் தாண்டி, இரண்டு மலைக்கும் நடுவில் போகிற ரோட்டில் ஓட்டினேன். மலை நிழல் ரோட்டை மூடியிருந்தது. என் முதுகில் சாய்ந்திருந்த அவர் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடித்தது. "அத்த, தூங்காதீங்க. பேசிக்கினே வாங்க" என்றேன். "இன்னா பேசறது" என்றார். "எதுனா திட்டுங்க என்னை" என்றேன். "வேகமா ஓட்டாத" என்றார்.

மலையைத் தாண்டியதும் சட்டென்று வெயில் முகத்தில் அடித்தது. எங்கள் தெருவில் இருட்டிப்போன பொழுது இங்கே ஏரி முழுக்கக் கிடந்தது. மழைக்கு நிரம்பிய ஏரி. கரையில் ஒரு வேப்பமரத்தடியில் அவரை இறக்கி உட்கார வைத்தேன். மணி ஐந்து இருபது. கேரியரைத் திறந்து, தட்டில் சாதத்தைப் போட்டுப் பிசைந்து தயாராக வைத்தேன். மாமியாரின் போனை என் மடியில் வைத்தேன்.

ஐந்தரை ஆனது. போன் அடிக்கவில்லை. ஐந்து முப்பத்திரண்டு. நான் அடித்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பீரங்கிச் சத்தம் என்று ஓடிய வரி கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் அதை நான் சொல்லவில்லை. ஐந்து முப்பத்தைந்து. சூரியன் பனைமரங்களின் தலையைத் தொட்டுவிட்டது. என் மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் ஏழாவது முறை, எட்டாவது முறை அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளாலும், முகம் தெரியாத அந்த நாட்டு ராக்கெட்காரனை வாய்க்குள் திட்டினேன்.

ஐந்து முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. எடுத்து அவர் காதில் வைத்தேன்.

"அம்மா..." என்றது ஜினதாஸின் குரல். அப்புறம் ஒரு கரகரப்பு. கட்டாகிவிட்டது.

"ஹலோ, ஹலோ" என்று நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன். ஒன்றும் இல்லை. திரும்ப அடித்தேன். இப்போது மணியே போகவில்லை. பனைமரத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு விளிம்பு மட்டும் மிச்சமிருந்தது.

"குரல் கேட்டாச்சி" என்றார் மாமியார்.

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நூல் பிசகாத மனுஷி, ஒரே ஒரு வார்த்தையை ஏற்றுக்கொண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்தார். விளிம்பு மறைவதற்குள் ஆறேழு கவளம் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், கை கழுவினார். முகத்துக்கு ரத்தம் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். முடியவில்லை. எதற்காக 'அம்மா' என்று மட்டும் சொன்னார்? ஏன் கட்டானது? அந்தக் கரகரப்பு என்ன? அடித்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு.

"காலையிலேர்ந்து நீயும் ஒண்ணும் சாப்டல போல" என்றார். "மூஞ்சிய பாத்தாலே தெரியுது. கேரியர்ல இன்னும் சோறு இருக்குது."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உப்புமாவை இறக்கிய கையோடு கடைக்குப் போனவள், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் எந்தக் கோயிலிலும் நின்று எந்த நோன்பும் எடுத்தவள் இல்லை. எல்லாரையும் திட்டிக்கொண்டு திரிந்தவள்.

"எறங்காது அத்த. அவரு பேசட்டும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதின்மூன்றாவது முறை அடித்தேன். விரல் சரியாகப் படவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி நாளா என்னைப் பாக்கறப்ப உனுக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

போன் அடிக்கும்போது ஏரி கறுத்துவிட்டது. ஆறு ஐந்து. "சார்ஜ் போயிடுச்சி, இப்பதான் பஸ்ல ஏறி சொருவினேன்" என்றார் ஜினதாஸ். "இன்னா நீலா, இத்தினி மிஸ்டு கால்?"

"ராக்கெட் விட்டாங்களே! பீரங்கிச் சத்தம்னு போட்டானே!"

"எந்த ராக்கெட்? ஓ, காலையிலயா? இங்க யாரும் பேசிக்கலயே. பீரங்கி, அது அவனுங்க எப்பவும் சுடறதுதான்."

எப்பவும் சுடுவதுதானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உங்க அம்மா செத்துப் பொழச்சி ஏரிக்கரையில உக்காந்திருக்காங்க" என்று கத்தினேன். "நான் உங்களுக்குக் காரியம் பண்ற நெனப்புல உக்காந்திருக்கேன். பழகிடுச்சா உங்களுக்கு? எங்களுக்குப் பழகல. பழகவும் வேணாம். கம்பெனியில கேளுங்க, எல்லைய விட்டுத் தள்ளி வேற எடம் குடுப்பாங்களான்னு. இல்லன்னா மூட்டையக் கட்டிக்கினு வாங்க. சூப்பர்வைசர் ஆவாட்டியும் பரவால்ல!"

"கேக்கறேன்" என்றார் பஸ் இரைச்சலுக்கு நடுவில், மெதுவாக. "நாளைக்கே கேக்கறேன். நீ சாப்டியா?"

நான் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். இருட்டில் கேரியரைத் தடவி எடுத்துத் திறந்தார்.

"நாளைக்கு மடத்துக்குப் போலாம்" என்றார். "சாமிகிட்ட சொல்லி இத விட்டுட்டு வந்துடறேன்."

"மறுபடி ராக்கெட் விட்டா?"

"விடட்டும், பாவி. அவன் ஊரையே பட்டினி போடறது பத்தாதுன்னு நம்ம ஊட்ல ரெண்டு பேரா?"

பொழுது போன பிறகு அவர் யாருக்கும் சோறு போட்டு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. தட்டைக் கழுவி, மிச்சமிருந்த சாதத்தைப் போட்டு, பருப்பை ஊற்றித் தன் கையாலேயே பிசைந்து என் பக்கம் தள்ளினார். மடியில் போனுக்குள்ளிருந்து ஜினதாஸ் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருடா" என்றார் என் மாமியார். "அவ சாப்புடறா."